கிழிந்த ஓரம்

மணிமேகலைக்கு வழுவழுப்பு என்றாலே ஆகாது. தரையானாலும் சரி, தாளானாலும் சரி, மனுஷர் பேச்சானாலும் சரி. அன்னவாசலில் இலுப்பூர் ரோட்டில் எனக்கு ஒரு ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. அதில் பாதியைத் தடுத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் அவள் வெப்சைட் செய்வாள். இந்தப் பக்கம் நான் காதுகுத்து, கல்யாணம், பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஃபிளெக்ஸ் போடுவேன். ஏழு வருஷமாக ஒரே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோம். ஏழு வருஷமும் சண்டைதான்.

"சுகுணாக்கா, ஒங்க ஃபிளெக்ஸ்ல ஒரு எடமாச்சும் காலியா விடுங்களேன். பாக்குறவுக கண்ணு எங்கிட்டுத்தான் ஒக்காரும்?" என்பாள்.

"கண்ணு ஒக்காரவாடி ஆர்டர் குடுக்குறாக? ஓரத்துல ரெண்டு புறாவப் பறக்கவிட்டாத்தான் அவுகளுக்கு மனசு நெறையும். போடி, ஒன் வேலயப் பாரு" என்பேன்.

அவள் வாயில் எப்போதும் டெக்ஸ்சர், டெக்ஸ்சர் என்று ஒரு வார்த்தை. எனக்கு அது நுழையாது. சொரசொரப்பு என்றுதான் சொல்வேன். கம்ப்யூட்டர் திரையைத் தடவினால் கண்ணாடிதானே, அதில் என்னடி சொரசொரப்பு என்று கேட்டால், "கண்ணாலயும் தடவலாம்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். கொழுப்பு.

அதற்காக அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. குன்றாண்டார்கோவில் குடைவரைக்குப் போய் பாறையைப் படம் எடுப்பாள். சாமியை எடுக்கமாட்டாள், வெறும் சுவரை எடுப்பாள். அதுவும் நாலரை மணிக்குத்தான் போவாள். உச்சி வெயிலில் பாறை மொட்டையாகத் தெரியுமாம், சாய்ந்த வெயிலில்தான் உளி பட்ட இடமெல்லாம் எழும்பி வருமாம். சாக்கு, கோரைப்பாய், புளியமரத்துப் பட்டை, கதர் வேட்டி என்று அவள் கம்ப்யூட்டரில் ஒரு சந்தையே இருந்தது. நெல் வியாபாரிக்கு மரப்பலகை போடக்கூடாது, சாக்குத்துணிதான் போட வேண்டும் என்று சட்டம் பேசுவாள். சாமான் எதுவோ அதிலிருந்துதான் சொரசொரப்பும் வர வேண்டும், சும்மா அழகுக்கு ஒட்டினால் பொய் என்பாள்.

இலுப்பூரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவருக்கு, பட்டுச்சேலை நெசவை லேசாகப் பின்னால் ஓடவிட்டு வெப்சைட் செய்து கொடுத்தாள். அந்த மனுஷர் குனிந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை அழுத்தித் துடைத்தார். மறுபடி பார்த்துவிட்டு, "தூசி போகலையேம்மா" என்றார். நான் ரெண்டு நாள் சிரித்தேன். அவள் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் கோட்டைப்பட்டினத்து நண்டு வியாபாரி பாய் வந்த அன்று நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அவருக்கு மீன்வலையைப் பின்னால் போட்டிருந்தாள். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மங்கல். "எங்கம்மா வலை? ஒண்ணுந் தெரியலயே" என்றார் பாய். அவள் ஒரு பட்டனைத் தட்டி வலையை எடுத்துவிட்டாள். பாய் நெற்றியைச் சுருக்கினார். "இப்ப என்னமோ மொட்டையா இருக்கே?" என்றார். "அதுதாங்க பாய் வலை" என்றாள். எனக்கே உடம்பு ஒருமாதிரி சிலிர்த்துவிட்டது. கெட்டிக்காரிதான். அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

அவள் அப்பா ஆத்மநாதன் பிரைவேட் பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். புதுக்கோட்டை, அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை, மணப்பாறை. இந்த ரூட்டில் அவரிடம் டிக்கெட் வாங்காத ஆள் கிடையாது. டிக்கெட்டை அவர் கிழிக்கிற விதமே தனி. கட்டைவிரலை அடியில் கொடுத்து ஒரு சுண்டு சுண்டுவார். ஓரம் ஒரு பக்கம் நேராகவும், முடிகிற இடத்தில் கொஞ்சம் பிசிறாகவும் வரும். மெஷின் வந்ததோடு வேலையை விட்டு நின்றுவிட்டார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் மறதி வந்தது. ஒருநாள் சோறு போட்ட மனைவி இருளாயியைப் பார்த்து, "ஒங்களுக்கு எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டார். அந்தம்மா முதலில் சிரித்தது. அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் தங்கமாட்டார். பஸ் நிறுத்தத்துக்குப் போய் நிற்பார். வருகிற பஸ்ஸுக்கெல்லாம் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று குரல் கொடுப்பார், பஸ்ஸைத் தட்டி "ரைட்" சொல்லுவார். ஊர்க்காரர்கள் தெரிந்தவர்கள் என்பதால் ஏறிவிடாமல் பிடித்துக்கொள்வார்கள். மணிமேகலை சாயங்காலம் கடையை விட்டுப் போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். "டூட்டி முடிஞ்சிருச்சுப்பா" என்று சொன்னால்தான் வருவார்.

பிப்ரவரி மூன்றாம் தேதி அவரைத் திருச்சிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஒரு ஃபோன் வந்தது. யாரோ கஸ்டமர். பின்னணி கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது, கருப்பாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். இரைச்சலாக இருந்ததால் தூணைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினாள். பேசியது நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்டு. திரும்பினால் அப்பா இல்லை. எத்தனை பஸ் கிளம்பியது, எதில் ஏறினார், ஒன்றும் தெரியவில்லை. அந்த நாலு நிமிஷத்தை அவள் ஃபோனில் இன்னும் அழிக்கவில்லை.

மூன்று வாரம் தேடினோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். சமயபுரம், பழனி, மதுரை என்று கோயில் வாசலெல்லாம் பார்த்தோம், ஆஸ்பத்திரிகளைப் பார்த்தோம். இருளாயியம்மா தினமும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றது. அப்போதுதான் நான் சொன்னேன், "மணி, நான் ஒரு போஸ்டர் அடிச்சுத் தாரேன். செகப்புல பெருசா காணவில்லைன்னு போட்டு, மஞ்ச கட்டத்துல ஃபோன் நம்பர். ஊர் ஊரா ஒட்டுவோம்."

அவள் களைத்திருந்தாள். அது எனக்கு இப்போது புரிகிறது. "வேணாம்க்கா. ஒங்க ஃபிளெக்ஸ் மாதிரி கத்தும். எங்கப்பாவ ஏலம் போடுற மாதிரி இருக்கும். அவரு எப்புடிப்பட்ட மனுஷருன்னு பாக்குறவுகளுக்குத் தெரியணும். நான் ஒரு பக்கம் செய்யிறேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் செய்வதெல்லாம் ஏலமா? ஏழு வருஷம் இடம் கொடுத்தவளைப் பார்த்து என்ன பேச்சு? நாலு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டீ வந்தால் என் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த நாலு நாளும் அவள் உட்கார்ந்து செய்தாள். வீட்டில் தகரப் பெட்டியில் அவர் பழைய டிக்கெட் கட்டுகள் கிடந்தன. அவர் கையால் கிழித்த டிக்கெட்டுகளைத் தேடி எடுத்து ஸ்கேன் போட்டாள். ரோஸும் பச்சையுமாக இருந்த தாளைச் சாம்பல் நிறமாக்கினாள். தாளின் நார் தெரிந்தது, மடிப்பு தெரிந்தது. அதன் மேல் அப்பா படம். காக்கிச் சட்டை நிறம் தாளோடு முட்டுகிறது என்று படத்தைக் கருப்பு வெள்ளையாக்கினாள். படத்தைச் சுற்றி அந்தக் கிழிந்த ஓரம், அவர் விரல் கிழித்த அதே பிசிறோடு. கீழே பெரிய எழுத்தில் ஆத்மநாதன். அதற்குக் கீழே இடது பக்கம் 12.06.1956, வலது பக்கம் 03.02.2025. பிறந்த நாள், கடைசியாகப் பார்த்த நாள் என்று மெல்லிய எழுத்தில் இருந்தது. காணாமல் போன விவரமும் ஃபோன் நம்பரும் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால் வரும்.

"எப்புடிக்கா இருக்கு?" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

நான் ஒரு நாளைக்கு மூன்று கண்ணீர் அஞ்சலி போடுகிறவள். வயதான ஆள் படம், கருப்பு வெள்ளை, சாம்பல் தாள், நடுவில் பெயர், இரண்டு பக்கமும் இரண்டு தேதி. இடது பக்கம் தோற்றம், வலது பக்கம் மறைவு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை நான் போட்டுவிடுவேன். பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏலம் என்று சொன்னாளே என்கிற ஆத்திரமும் கூடவே வந்தது. அது மனுஷக் குணமா, பிசாசுக் குணமா, தெரியவில்லை.

"நல்லாருக்கு. ஒன் இஷ்டம்போல வந்துருச்சுல்ல" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அவள் லிங்கை வாட்ஸ்அப்பில் போட்டாள். லிங்க் போனால் மேலே இருக்கிற படம்தானே முதலில் தெரியும்? படமும் பெயரும் ரெண்டு தேதியும்தான் ஊரெல்லாம் போனது, அந்த மெல்லிய எழுத்து ஃபோனில் கண்ணிலேயே படாது. பாதிப் பேர் லிங்கைத் திறக்காமல் அப்படியே படம் பிடித்து அனுப்பினார்கள். பஸ்காரர்கள் குரூப், பள்ளிக்கூடக் குரூப், சாதிசனக் குரூப் என்று ஒரே நாளில் மாவட்டம் தாண்டிப் போய்விட்டது. கும்பிடுகிற கைகளாக வந்து குவிந்தன.

"பாருங்கக்கா, எத்தன பேரு அப்பாவுக்காகக் கும்புட்டிருக்காக. கெடச்சிருவாருக்கா" என்று என்னிடம் காட்டினாள். மூன்று வாரத்தில் அன்றுதான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். அந்தக் கைகள் எதற்குக் கும்பிடுகின்றன என்று எனக்குத் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. முதலில் கோபத்தில் சொல்லவில்லை, அப்புறம் பயத்தில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கடைக்குப் பின்தெருவில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. மணிமேகலை வீடு அங்கேதான். ரெண்டு பேரும் ஓடினோம். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து இருளாயியம்மாவின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் வீட்டுப் பெண்கள் தெருமுனையிலிருந்தே முடியை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு இருளாயியம்மா வாசலில் நின்றது.

"எப்பம்மா எடுத்தீங்க? கூடப்பொறந்தவன் எனக்கு ஒரு வார்த்த சொல்லத் தோணலையா?" என்று அழுதார் அண்ணன்.

"என்னண்ணே சொல்றீங்க? அவுகளப் பாத்தீங்களா? எங்க கெடந்தாக?" என்று அந்தம்மா அவர் கையைப் பிடித்து உலுக்கியது.

தங்கச்சி சொல்லவில்லையே என்று இவர் அழ, இவர்தான் சேதி கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து அந்தம்மா அழ, நடுவில் ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் அவர் கையில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத புதுச்சேலை. தாலி அறுக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீடு கொண்டுவருகிற கோடி. இருளாயியம்மாவும் அதைப் பார்த்தது. அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டது.

"மாமா! யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்று மணிமேகலை கத்தினாள்.

"ஊரே சொல்லுதே தாயி. நீதான போட்டிருக்க" என்று அவர் ஃபோனை நீட்டினார். கண்ணாடியில் கீறல் விழுந்த பழைய ஃபோன். அந்தச் சின்னத் திரையில், வெயிலில், அவள் தன் பக்கத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

கொண்டுவந்த கோடியைத் திருப்பிக்கொண்டு போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. உள்ளே வைக்கவும் முடியாது. மாமா அதை வேலிக்காலில் வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டே போனார். யாரும் தொடவில்லை. கடைசியில் நான்தான் எடுத்துவந்து கடை பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அன்றைக்கே மணிமேகலை பக்கத்தை மாற்றினாள். வெள்ளைத் தரை, சிவப்பில் காணவில்லை, மஞ்சள் கட்டத்தில் நம்பர், கலர் படம். "ஒங்க ஃபிளெக்ஸ் மாதிரியே செஞ்சுட்டேன்க்கா" என்றாள். கிண்டல் இல்லை. அதற்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். ஆனால் முன்னால் போனது போனதுதான். பழைய படம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருந்தது. புதியதை யார் அனுப்புவார்கள்? செத்தவரைத் தேடுகிறார்களே, பைத்தியமா என்று ஒருத்தன் எழுதியே விட்டான்.

ஆடி மாதம் ஒரு ஃபோன் வந்தது. ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிற வனிதா என்கிற பெண். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினோம்.

"காக்கிச் சட்டைங்க. பஸ்ஸத் தட்டித் தட்டி ரைட் ரைட்டுன்னு நிப்பாரு. ஒரு வம்பு தும்பு கெடையாது. நாந்தான் இட்லி குடுப்பேன். இந்தப் படியிலதான் படுத்துக்குவாரு. மாசி மாசம், பதினோரு நாளு இருந்தாருங்க" என்றது அந்தப் பெண்.

"மாசியிலயா?" என்று கேட்டாள் மணிமேகலை.

"ஆமாங்க. அப்பத்தான் எங்க குரூப்புல அந்தப் படம் வந்துச்சு. ஒரே சாடையா இருக்கேன்னு இவரையும் பாத்தேன், படத்தையும் பாத்தேன். ஆனா அதுல எறந்த தேதி போட்டிருக்கே. செத்தவுக படத்தக் காட்டி, இது நீங்களான்னு ஒரு மனுஷருகிட்ட எப்புடிங்க கேக்குறது? பாவமில்லையா? அந்தப் படத்த ஃபோன்ல வச்சிருக்கக் கூடாதுன்னு அழிச்சுட்டேன். போன வாரந்தான் யாரோ செகப்பு எழுத்துல இத அனுப்புனாங்க. எனக்குப் படபடன்னு வந்துருச்சுங்க."

ஒரு காலையில் பார்த்தபோது படி காலியாக இருந்ததாம். தாராபுரம் பஸ்ஸில் ஏறினார் என்று ஒருத்தர் சொன்னார், கொடைக்கானல் பஸ் என்று இன்னொருத்தர் சொன்னார். ரெண்டு பக்கமும் போய்ப் பார்த்தோம். ஒன்றுமில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுத்தாள் எடுத்துக் கொடுத்தது. நியூஸ்பேப்பரில் கிழித்தது, ரெண்டு விரல் அகலம். "எங்க எறங்கணும்னு கேட்டாருங்க. வெளையாட்டா பழனின்னு சொன்னேன். கிழிச்சுக் குடுத்தாரு. தூக்கிப்போட மனசு வரல" என்றது. மணிமேகலை அதை வாங்கி ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். ஒரு பக்கம் நேர், முடிகிற இடத்தில் பிசிறு. வேறு சாட்சி வேண்டியதில்லை. அங்கேயே, பஸ் ஸ்டாண்டில், அத்தனை சனத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதாள்.

இப்போது அவள் செய்கிற வெப்சைட் எல்லாம் வெறும் வெள்ளை. பாறை, சாக்கு, பாய், வலை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டாள். கஸ்டமர்களுக்குப் பிடித்திருக்கிறது, பளிச்சென்று இருக்கிறதாம். அவள் அப்பாவைப் பற்றி அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. இருளாயியம்மா பஸ் நிறுத்தத்துக்குப் போவதை நிறுத்திவிட்டது. பொட்டு மட்டும் வைத்துக்கொள்கிறது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்பிய அன்று மணப்பாறையில் புதுக்கோட்டை பஸ் ஏறினோம். அவர் முப்பத்தோரு வருஷம் போன அதே ரூட். கண்டக்டர் வந்து, "எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டார். மணிமேகலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் "அன்னவாசல் ரெண்டு" என்றேன். மெஷினிலிருந்து வழுவழுவென்று டிக்கெட் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒரு நாளைக்கு மூணு கண்ணீர் அஞ்சலி போடுறீங்க. அன்னிக்கு நான் காட்டுனப்ப ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலயா?"

பஸ் விராலிமலையைத் தாண்டியது. பதினோரு நாள். அந்தப் படியில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தார்.

"தோணலடி" என்றேன்.

"செஞ்ச எனக்கே தோணல. ஒங்களுக்கு எப்புடித் தோணும்" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நம்பிவிட்டாள். அன்னவாசல் வரும்வரை அப்படியே தூங்கினாள். நான் தோளை அசைக்கவே இல்லை.